ஒரே கோப்பில் இரண்டு மொழி

(தஞ்சாவூரில் அறிவியல், வேளாண் ஆய்வு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



மாநாட்டுக்கு ஆய்வு போஸ்டர் தயாரிக்க எந்த மென்பொருள் நல்லது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். அதற்கு முன் ஈர நெல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

1960-இல் தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 'பேக்கேஜ் திட்டம்' என்று சொன்னால் இங்குள்ள மூத்தவர்களுக்கு நினைவு வரும். அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது. குறுவையில் நன்றாகவும் விளைந்தது. ஆனால் குறுவை அறுவடை முடிவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். அறுத்த நெல் களத்திலேயே நனையும், முளைவிடும், பழுப்பேறும். 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் நெல் பதன ஆராய்ச்சி மையம் தொடங்கியபோது, ஈர நெல்லைக் கெடாமல் காப்பது அதன் முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்பிரமணியன் அந்த மையத்தை உருவாக்கினார். பின்னர் அது தஞ்சாவூருக்கு வந்தது, பெயர் பலமுறை மாறியது, இன்று புதுக்கோட்டைச் சாலையில் நிப்டெம் என்ற தேசிய நிறுவனமாக இயங்குகிறது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஈர நெல் நம்மை விடவில்லை. நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு வரம்பு 17 சதவீதம். மழை பெய்தால் வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை போகும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும். உத்தரவு வரும்வரை நெல் சாலையோரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும், பக்கத்திலேயே விவசாயியும் காத்துக் கிடப்பார்.

இப்போது நெல் உலர்த்தலைப் பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். ஆய்வு முடிகிறது. கோயம்புத்தூரிலோ ஹைதராபாத்திலோ மாநாடு. மூன்றடிக்கு நான்கடியில் ஆங்கிலத்தில் போஸ்டர். நடைபாதையில் இரண்டு மணி நேரம் அதன் பக்கத்தில் நிற்கிறார். நடுவர்கள் வந்து போகிறார்கள், சான்றிதழ் கிடைக்கிறது. போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு பேருந்து ஏறுகிறார். விடுதி அறையில் பீரோவுக்கு மேலே அது போய்ச் சேர்கிறது. அந்த ஆய்வு யாருடைய நெல்லைப் பற்றியதோ, அவர் பக்கத்து ஊரில் தார்ப்பாய் ஓரத்தில் நாள்கணக்கில் காத்திருக்கிறார். அவருக்கு நேரம் இருக்கிறது, படிக்கும் ஆர்வமும் இருக்கிறது. அவர் கண்ணில் படும்படி அந்த ஆய்வு எங்கும் ஒட்டப்படவில்லை.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். காவிரிப் படுகையில் செய்யப்படும் ஒவ்வொரு ஆய்வுக்கும் ஆங்கிலப் போஸ்டரோடு தமிழ்ப் போஸ்டரும் வர வேண்டும். அதைத் தனி வேலையாக வைத்தால் ஒருநாளும் நடக்காது. ஒரே கோப்பிலிருந்து இரண்டும் வர வேண்டும். மென்பொருளைத் தேர்ந்தெடுக்க இதையே உரைகல்லாக வையுங்கள் என்கிறேன்.

போஸ்டர் அமர்வு என்ற வழக்கம் பழமையானது அன்று. 1960களின் இறுதியில் ஐரோப்பிய உயிர்வேதியியலாளர்களின் மாநாடுகளில் வேரூன்றி, 1970களில் அமெரிக்காவுக்குப் போய், பிறகு எல்லாத் துறைக்கும் பரவியது. மேடையில் எல்லாருக்கும் நேரம் ஒதுக்க முடியவில்லை என்பதால் வந்த ஏற்பாடு அது. அட்டையில் தட்டச்சுத் தாள்களைக் குண்டூசியால் குத்திவைத்த காலமும் இருந்தது. இன்று கணினியில் முழுத் தாளாகவே வடிவமைக்கிறோம். வரலாறு இவ்வளவு போதும்.

எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதலில் 'நெல்' என்று யூனிகோடில் தட்டச்சு செய்து பாருங்கள். யூனிகோடு 'நெ' என்ற எழுத்தை நாம் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் ந, அடுத்து ஒற்றைக் கொம்பு. தாளிலோ கொம்பு முன்னால் நிற்க வேண்டும். அதை எடுத்து முன்னால் வைப்பதற்கு மென்பொருளுக்குள் தனியாக ஒரு பொறி தேவை. ஹார்ஃப்பஸ் என்ற திறமூலப் பொறி அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியும் பயர்பாக்ஸும் லிப்ரெஆபிஸும் அதையே நம்பி இருக்கின்றன. அப்படியொரு பொறி இல்லாத மென்பொருளில் கொம்பு ந-வுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாகத் தொங்கும். நெல் தேறிவிட்டால் அடுத்து 'கொள்ளிடம்', 'ஆனைக்கொம்பன்', 'பூச்சிக்கொல்லி' என்று எழுதிப் பாருங்கள். கொகரத்தில் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும், அங்கேதான் பல மென்பொருள்கள் தோற்கின்றன. இந்தச் சொற்களைச் சரியாகக் காட்டாத கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

நம் ஊர் பிளக்ஸ் கடைகளில் பெரும்பாலும் கோரல்டிராவும் போட்டோஷாப்பும்தான். அங்கே உட்கார்ந்திருக்கும் டிசைனர் தம்பிகளின் கைத்திறனை நான் மதிக்கிறேன். கல்யாணப் பேனரை அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் கைக்குப் பழகியவை பாமினி, ஸ்ரீலிபி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள். அவற்றில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல்லே ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவையாகத் தெரியும். பேனருக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை. ஆய்வுக்கு இடைஞ்சல் அதிகம். நெல்லின் லத்தீன் பெயர், மைக்ரோகிராம் குறி, கூட்டல்-கழித்தல் குறி, டிகிரிக் குறி எல்லாம் தமிழ் வரிக்கு நடுவே வரும். யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது இவைதான் முதலில் காணாமல் போகும், அல்லது வேறு எழுத்தாக மாறும். 25 டிகிரி செல்சியஸ் என்பது வேறு எதுவோ ஆகி அச்சில் நின்றால் அந்தப் போஸ்டரால் நன்மையை விடக் கெடுதலே அதிகம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நம்மவர்கள் உழைக்காமல் இல்லை. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் டேப், டேம் என்ற பொதுக் குறியாக்கங்கள் வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அச்சுத் தெருவில்தான் பழையது தங்கிவிட்டது. போட்டோஷாப்பின் சில பதிப்புகளில் விருப்பத்தேர்வின் எழுத்துப் பகுதிக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி' என்ற பொறியைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வரும். இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் பத்திப் பலகத்தில் இதே வேலைக்கான ஒரு தேர்வு இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தைக் கடைக்காரருக்குச் சொல்லிக் கொடுங்கள், அவருக்கும் பயன்படும்.

இனி கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பவர்பாயின்ட்டைச் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது, தமிழ் சரியாக வருகிறது, வழிகாட்டி ஆசிரியர் திறந்து திருத்த முடிகிறது. தாள் அளவு அதிகபட்சம் 56 அங்குலம்வரை வைக்கலாம். ஏ0 தாளின் நீளப் பக்கம் ஏறத்தாழ 47 அங்குலம்தான், ஆகவே அடங்கிவிடும். கவனிக்க வேண்டியவை இரண்டு. தொடங்கும்போதே தாள் அளவைக் குறித்துவிடுங்கள், கடைசியில் மாற்றினால் எல்லாம் இழுபடும். படமாகச் சேமிக்காதீர்கள், அது இயல்பாக அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற தரத்தில்தான் வெளியே வரும். பிடிஎப் ஆகச் சேமியுங்கள். பணம் கட்டி உரிமம் வாங்க முடியாதவர்களுக்கு லிப்ரெஆபிஸ் இம்ப்ரெஸ் இதே வேலையை இலவசமாகச் செய்யும்.

கேன்வாவில் தமிழ் எழுத்துருக்கள் உண்டு, அழகாகவும் வரும். அழைப்பிதழுக்கும் அறிவிப்புக்கும் நல்லது. தரவு வரைபடத்தை அதற்குள்ளேயே வரைய முயலாதீர்கள், வெளியே வரைந்து கொண்டுவந்து வையுங்கள். பயோரெண்டர் மருத்துவமும் மூலக்கூறு உயிரியலும் படிப்பவர்களை மனத்தில் வைத்து எழுந்தது, சந்தாவும் கட்ட வேண்டும். நாற்றங்காலையும் களத்துமேட்டையும் நீங்களே கோட்டுப் படமாக வரைந்துகொள்வது மேல்.

கணிதம் படிப்பவர்களுக்கு லாடெக். ராமானுஜன் வளர்ந்த கும்பகோணத்தில் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் டிசம்பர் 22-ஐ ஒட்டி ஆண்டுதோறும் கணித மாநாடு நடத்துகிறது. 2005 முதல் இளம் கணித அறிஞர்களுக்கு ராமானுஜன் பெயரில் பரிசும் தருகிறது. அப்படிப்பட்ட அவைக்குப் போகிறவர் சமன்பாட்டைப் பவர்பாயின்ட்டில் பெட்டி பெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். டிக்ஸ்போஸ்டர், பீமர்போஸ்டர் என்ற தொகுப்புகள் இருக்கின்றன. தமிழ் வர வேண்டுமானால் சீலாடெக் அல்லது லுவாலாடெக் பொறியால் இயக்க வேண்டும். லாடெக்கில் எனக்குப் பிடித்தது, உரை ஒரு கோப்பிலும் அமைப்பு இன்னொரு கோப்பிலும் இருக்க முடிவது. ஆங்கில உரைக் கோப்பை எடுத்துவிட்டுத் தமிழ் உரைக் கோப்பைச் செருகினால் இரண்டாவது போஸ்டர் தயார். ஆனால் மாநாட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கற்றுக்கொள்ளத் தொடங்கும் கருவி அது அன்று.

என் பரிந்துரை இங்க்ஸ்கேப். இலவசம், திறமூலம். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாத வெக்டர் முறை. தமிழ் எழுத்து பழுதில்லாமல் வருகிறது. முக்கியமாக அதில் அடுக்குகள் உண்டு. அடி அடுக்கில் வரைபடங்களும் ஒளிப்படங்களும், அதன் மேல் ஒரு அடுக்கில் ஆங்கிலம், இன்னொரு அடுக்கில் தமிழ். ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டி இரண்டு பிடிஎப் எடுத்துவிடலாம். எண் ஒன்றைத் திருத்தினால் படம் இரண்டிலும் திருந்தும். ஸ்கிரைபஸிலும் அடுக்குகள் உண்டு, அச்சு நிறங்களைக் கையாள்வதில் இங்க்ஸ்கேப்பைவிட அது வலிமையானது. நெடுங்காலம் அதன் நிலைத்த பதிப்பில் தமிழ் சிதைந்துதான் வந்தது. 2024 ஜனவரியில் வெளிவந்த 1.6 பதிப்பிலிருந்து அந்தக் குறை நீங்கியிருக்கிறது. முன்பு முயன்று கைவிட்டவர்கள் மறுபடி திறந்து பார்க்கலாம்.

வரைபடங்களைத் திரைப்பிடிப்பாக எடுத்து ஒட்டும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஆர் மொழியில் வரைந்தாலும் பைதானில் வரைந்தாலும் எஸ்விஜி அல்லது பிடிஎப் ஆக வெளியே எடுக்கலாம். பைதானின் மேட்பிளாட்லிப்பில் தமிழ்ப் பெயரிட்டால் கொம்பு இடம் மாறுவது பலருக்கும் நேர்ந்த அனுபவம். அப்போது அச்சுப் பெயர்களை ஆங்கிலத்திலேயே விட்டு, எழுத்தை எழுத்தாகவே வைத்து எஸ்விஜி எடுத்து, இங்க்ஸ்கேப்பில் தமிழைப் போடுங்கள். நிலப்படத்துக்குக் கியூஜிஐஎஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். தமிழ்ப் படிவத்தில் கல்லணைக் கால்வாய் என்பதோடு புது ஆறு என்றும் எழுதுங்கள். ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி அந்தப் பெயரைப் பார்த்துத்தான் தன் வயலைப் படத்தில் கண்டுபிடிப்பார். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கட்டும்.

நிறத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நெல் ஆய்வில் நிறமே தரவாக இருக்கிறது. இலை வண்ண அட்டை உங்களுக்குத் தெரியும். வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சைவரை பட்டைகள் கொண்ட பிளாஸ்டிக் அட்டை. நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை நேரத்தில், உடம்பின் நிழலில் இலையை வைத்துப் பார்க்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். வெள்ளைப் பொன்னிக்கு எல்லை எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்து இலையில் ஆறோ அதற்கு மேலோ அந்த எண்ணுக்குக் கீழே போனால் தழைச்சத்து இட வேண்டும். மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு மிக நுட்பமானது. அதை வைத்துத்தான் யூரியா மூட்டை பிரிக்கப்படுகிறது.

இப்போது அந்த அட்டையைப் படம் எடுத்து உங்கள் போஸ்டரில் போடுகிறீர்கள். கைப்பேசிக் கேமரா ஒளிக்கேற்ப நிறத்தை மாற்றுகிறது. கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ மயில்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைக் கொண்டு அச்சடிக்கிறது. திரையில் பளிச்சிடும் பல பச்சைகளை அந்த மைகளால் கொண்டுவரவே முடியாது, மங்கிய பச்சையாகத்தான் விழும். ஆங்கிலப் போஸ்டரில் இது அழகுக் குறையோடு போய்விடும். தமிழ்ப் போஸ்டரைப் பார்க்கும் விவசாயி ஒரு இலையைக் கிள்ளிவந்து அதன்மேல் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? தேவையில்லாத யூரியா போகும், பின்னாலேயே புகையானும் குலைநோயும் வரும். ஆகவே இலை வண்ண அட்டையின் படம் போட்டால் 'இதில் இலையை ஒப்பிட வேண்டாம், அசல் அட்டையைப் பயன்படுத்தவும்' என்று பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள். நோய்ப் படங்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். வயலில் எடுத்த ஒளிப்படத்தை மட்டும் போடுங்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் குலைநோய்ப் படம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் ஆய்வு போஸ்டரில் அதற்கு இடமில்லை.

வரைபடக் கோடுகளுக்கு சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு அந்த இரண்டும் பிரிந்து தெரியாது. நீலமும் ஆரஞ்சும் வையுங்கள், கூடவே ஒரு கோட்டை முழுதாகவும் இன்னொன்றைப் புள்ளியிட்டும் வரையுங்கள்.

தமிழில் அமைக்கும்போது ஆங்கிலத்தின் அளவுகள் பொருந்தாது. நம் சொற்கள் நீளம். ஆங்கிலத்துக்குப் போட்ட குறுகிய பத்தியில் 'ஒருங்கிணைந்த பயிர்ப்பாதுகாப்பு' ஒரு வரியில் அடங்காது. இரண்டு பக்கமும் சமப்படுத்தினால் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் சமப்படுத்துங்கள், பத்தியை அகலமாக்குங்கள். மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் இலவச எழுத்துருக்கள், பல தடிமன்களில் கிடைப்பவை. ஏ0 தாளில் உடல் எழுத்து 32 புள்ளிக்குக் குறையக் கூடாது. ஏ4 தாளில் சுருக்கி அச்சடித்துப் பாருங்கள். நீளம் நான்கில் ஒன்றாகும், 32 புள்ளி 8 புள்ளியாகும். அதைக் கண்ணாடி போட்ட உங்கள் தாத்தாவோ பாட்டியோ படிக்க முடிந்தால் பெரிய தாள் தேறும்.

இடத்துக்கு ஏற்றபடி உரையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும், அது நல்லதுதான். 2019-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவராக இருந்த மைக் மாரிசன், போஸ்டரின் நடுவில் முடிவை மட்டும் எளிய மொழியில் ஒரே வாக்கியமாக மிகப் பெரிதாக எழுதச் சொன்னார். முறையும் அட்டவணையும் ஓரத்தில், முழுக் கட்டுரைக்குக் கியூஆர் குறி. உலகம் முழுவதும் பலர் அதைப் பின்பற்றினார்கள், சிலர் ஆய்வின் நுட்பம் அதில் அடிபடுகிறது என்று மறுத்தார்கள். மாநாட்டுப் போஸ்டரைப் பொறுத்து மறுப்பில் நியாயம் உண்டு. ஊர்ப் போஸ்டருக்கு மாரிசன் வழிதான் சரி. அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் முதலில் எழுதுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை அங்குலக் கனத்தில் பரப்பி, எப்போது கிளறினால் நெல் 17 சதவீதத்துக்கு வரும் என்று எழுத வரவில்லை என்றால் ஆய்வின் முடிவு உங்களுக்கே தெளியவில்லை என்று பொருள். கியூஆர் குறியைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் உங்கள் குரலில் இரண்டு நிமிட விளக்கம் கேட்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் அது போய்ச் சேரும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது பிடிஎப்பில் எழுத்துருக்கள் பொதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கடையில் 'கர்வ் பண்ணிக் கொண்டு வாங்க' என்பார்கள். எழுத்தை வளைகோடாக மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் சிதையாது, ஆனால் திருத்தவும் முடியாது. அசல் கோப்பை வைத்துக்கொண்டு நகலை மட்டும் மாற்றுங்கள். ஒளிப்படம் அசல் அளவில் அங்குலத்துக்கு 150 புள்ளியாவது இருக்கட்டும். பிளக்ஸ் வேண்டாம். பளபளப்பில் எழுத்து தெரியாது, மண்ணிலும் மக்காது. மங்கலான பூச்சுள்ள தாளிலோ துணியிலோ அடியுங்கள். துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்தில் போகலாம்.

இந்த அவையில் இருக்கும் ஒவ்வொரு ஆய்வு மாணவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த மாநாட்டுக்கு ஆங்கிலப் போஸ்டரை அனுப்பும் அதே வாரத்தில் தமிழ் அடுக்கைத் திறந்து இரண்டாவது பிரதியை அச்சடியுங்கள். உங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, ஊராட்சி அலுவலகத்திலோ அனுமதி கேட்டு ஒட்டுங்கள். மாநாட்டில் நின்றதுபோல அங்கேயும் இரண்டு மணி நேரம் அதன் பக்கத்தில் நில்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை எழுதிக்கொண்டு வாருங்கள்.